காம்பு நீக்கி, நீர் உதறி

திருப்பூர்க் கிளையிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன்:
புதினாக் கோழி கசக்கிறது.
கோழி அதே கோழி.
மசாலா இங்கிருந்துதான் பஸ்ஸில் போகிறது.
குறிப்பு நான் தட்டச்சு செய்தது:
புதினா ரெண்டு கை, மல்லி ஒரு கை,
கறிவேப்பிலை கொஞ்சம்.

"எந்தக் கைங்க?" என்றான் அந்தப் பக்கத்து மாஸ்டர்.
கேலியாகத்தான் கேட்டான்.
எனக்குத் தூக்கம் போயிற்று.

காரைக்குடி செக்காலை ரோட்டு மெஸ்ஸில் நான் கணக்கு.
முட்டைக்கு எண்ணிக்கை, எண்ணெய்க்கு லிட்டர்,
கறிக்குக் கிலோ, எலும்போடு என்றால் வேறு விலை.
தழைக்கு மட்டும் என் நோட்டில்
'கட்டு' என்றே இருக்கும்.
முகூர்த்த நாளில் கட்டு இளைக்கும்.
மழை நாளில் தண்ணீர் குடித்துப் பருக்கும்.

திங்கட்கிழமை, சந்தை முடிந்த கையோடு,
நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல்
ஒரு சின்னத் தராசு வாங்கினேன்.
எழுநூற்று ஐம்பது ரூபாய். வவுச்சர் உண்டு.

அரிசி நேர்மையானது.
படியில் கொட்டித் தலை தட்டினால்
நேற்றைய எடைதான் இன்றைக்கும்.
மல்லித்தழை அப்படியில்லை.
கப்பில் சும்மா போட்டால் பதினாறு கிராம்,
விரலால் அமுக்கினால் நாற்பது,
நறுக்கிப் போட்டால் அது ஒரு தனி வழக்கு.
கப்பில் பாதி காற்று.
காற்றையும் சேர்த்துத்தான் இத்தனை நாள்
துவையல் அரைத்திருக்கிறோம்.

காலை ஆறு மணிக்கு நூறு கிராம் என்று நின்ற கட்டு
பதினொரு மணிக்கு எண்பத்தொன்று.
யாரும் திருடவில்லை.
வெயில் எடுத்துப் போயிருக்கிறது, பில் இல்லாமல்.
புதினாவில் காம்பு கிள்ளினால்
பாதிக்கு மேல் குப்பைக்கூடையில்.

பிறகு எல்லோர் கையையும் நிறுத்தேன்.
அதாவது, கை அள்ளியதை.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சவர்ணம்: முப்பத்தொன்று.
பரோட்டா ராயப்பன்: முப்பத்து நான்கு.
நான்: இருபத்தெட்டு.
சேவுகண்ணன்: பதினேழு.
மறுபடி அள்ளச் சொன்னேன். பதினேழு.
மூன்றாம் முறை பதினெட்டு.

தராசில்தான் கோளாறு என்று
கல்லாவிலிருந்து ஒரே மாதிரிக் காசுகளை எடுத்து
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
தராசில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
மூன்று வருடமாக ஒன்றாம் தேதி தோறும்
சம்பளக் கவரை வைக்கிற கை.
மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லாத வலது கை.
ஏதோ அரிசி ஆலை, ஏதோ பெல்ட் என்று
யாரோ சொன்னதாக ஞாபகம்.
நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.
வவுச்சரில் அவர் கையெழுத்து
ஏன் அப்படிச் சரிகிறது என்று
ஒருநாளும் யோசித்ததில்லை,
தொகை சரியாக இருந்ததால்.

தேவகோட்டையிலிருந்து கார் போட்டு வந்து
தின்றுவிட்டுப் போகிறார்களே,
அந்தக் கோழிக்கு அளவு
மூன்று விரல்.

"புதினா முப்பத்தைந்து கிராம்னு எழுதப்போறேன்" என்றேன்.
"காம்பு நீக்கி, நீர் உதறி."
"ரெண்டு கைன்னே இருக்கட்டுமே தாயி."
"அங்க இருக்கவனுக்குக் கை பெரிசுண்ணே."

அவர் தன் கையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
அப்புறம் திரும்பி அடுப்பைக் குறைத்தார்,
அது குறைவாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் குறிப்பைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.
மல்லி பதினெட்டு. கறிவேப்பிலை நான்கு,
ஈர்க்கிலிருந்து உருவி.
கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.
"உப்பு?" என்றார், தராசை நோக்கி மோவாயை ஆட்டி.

தாளைப் பார்த்தேன்.
உப்பு: தேவையான அளவு.

அதை அப்படியே விட்டு அனுப்பினேன்.
திருப்பூரிலிருந்து இன்னும் போன் வரவில்லை.
காம்புகளைப் பஞ்சவர்ணம் தன் ஆட்டுக்கு எடுத்துப்போகிறாள்,
எத்தனை கிராம் என்று
எழுதி வைத்திருக்கிறேன்.